நம்ம ஆளு

பத்து வருடம் ஒரு குடும்பத்தை அடிமையாக வைத்திருந்தேன். சட்டத்தில் அதற்குப் பெயர் கொத்தடிமை. என் வாயில் அது "நம்ம ஆளு". கோவளத்திலிருந்து கேளம்பாக்கம் போகும் பக்கம், கிழக்குக் கடற்கரைச் சாலையின் வண்டிச் சத்தம் கேட்கிற தூரத்தில், சவுக்குத் தோப்புகளுக்குள் அவர்களை வைத்திருந்தேன். கதவு இல்லை, பூட்டு இல்லை. என்னிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. அது போதுமானதாக இருந்தது.

எனக்கு இப்போது அறுபத்தாறு வயது. இதை எழுத வேண்டாம் என்று வீட்டில் சொன்னார்கள். எழுதுகிறேன். அவர்கள் பட்டதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். அதிகாரி முன்னால் நின்று சொல்லியும் விட்டார்கள். ஆள் வைத்திருந்தவனுக்கு உள்ளே என்ன ஆகிறது, அவன் தொழில் என்ன ஆகிறது என்பதை வைத்திருந்தவன்தான் சொல்ல முடியும். நான் பார்த்தவரை யாரும் வாய் திறப்பதில்லை.

1997 ஆடி மாதம். சவுக்குத் தோப்பைக் குத்தகைக்குப் பேசி, வெட்டி, மரத்தைச் சாரம் கட்டுகிறவர்களுக்கும் தூரை விறகுக் கடைக்கும் விற்பது என் தொழில். ஓர் இருளர் பழங்குடிக் குடும்பம் வேலை கேட்டு வந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க பெரியவர், அவர் மனைவி, மகன், மருமகள், நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று. பெரியவர் தோளில் ஒரு வெட்டுக்கத்தி இருந்தது. பிடி அவரே செதுக்கியது. கை படிந்து படிந்து கறுத்து வழவழப்பாக இருந்தது. மனைவிக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரிச் செலவுக்கு 4,000 ரூபாய் முன்பணம் கேட்டார். கொடுத்தேன். நோட்டில் எழுதி, கட்டைவிரலில் மை தடவிக் கைநாட்டு வாங்கினேன். அவருக்கு உதவி செய்ததாகத்தான் அன்று நினைத்தேன்.

இன்று "அவர்" என்று எழுதுகிறேன். அந்தப் பத்து வருடத்தில் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவரை "டேய்" என்றுதான் கூப்பிட்டேன்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அப்போது எங்கள் பக்கம் வெட்டுக்கூலி டன்னுக்கு 100 ரூபாய். முன்பணம் வாங்கியவர்களுக்கு நான் எழுதியது 60. அந்தக் குடும்பம் நாளைக்கு இரண்டு டன் வெட்டும். வாரத்துக்கு ஆறு நாள் என்றால் பன்னிரண்டு டன். நியாயமாக 1,200 ரூபாய் வரவேண்டும். என் நோட்டில் 720 ஏறும். அதிலிருந்து வாரப்படி என்று 500 ரூபாய் கையில் கொடுப்பேன். மிச்சம் 220 கடனில் கழிய வேண்டும். கழியாது. அரிசி, மருந்து, கத்தி, தார்ப்பாய், மழைக்காலத்தில் வேலையில்லாத வாரங்களின் படி எல்லாம் கடன் பக்கம் ஏறும். விலையும் நான் வைத்ததுதான். டன்னுக்கு நாற்பது ரூபாய் குறைத்தேனே, அந்த வித்தியாசம் மட்டும் வாரத்துக்கு 480 ரூபாய். நியாயக் கூலி எழுதியிருந்தால் அந்த 4,000 ஒன்பதே வாரத்தில் தீர்ந்திருக்கும். அவர்கள் என்னிடம் இருந்தது பத்து வருடம். முடிவில் நோட்டில் நின்ற பாக்கி 27,400 ரூபாய்.

இந்தக் கணக்கைத் திருட்டு என்று தெரிந்தே எழுதினேனா? முதல் வருடம் தெரிந்தது. மூன்றாவது வருடத்தில் என் நோட்டை நானே நம்பத் தொடங்கிவிட்டேன். "இவ்வளவு பணத்தை வாங்கித் தின்னுட்டு எனக்கே துரோகம் பண்றான்" என்று ஒருநாள் மனைவியிடம் உண்மையான வருத்தத்தோடு சொன்னேன். கடன் கொடுத்தவன் நான், ஏமாந்தவன் நான் என்று ராத்திரி தூக்கம் வராமல் புரண்டிருக்கிறேன். என் கையால் எழுதிய பொய் எனக்கே சாட்சி சொல்லியது.

இந்த வழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எங்களுடையது ஊர் நிலத்தில் பரம்பரை உரிமையான மிராசுப் பங்கு உள்ள பழைய குடும்பம். தாத்தாவைச் சேரியில் "ஆண்டை" என்பார்கள். அவரிடம் படியாட்கள் இருந்ததைப் பார்த்தே வளர்ந்தேன். படி அளந்து வேலை வாங்கப்படுகிறவன் படியாள். நான் வாரா வாரம் கொடுத்ததும் படிதான். தாத்தாவின் சொல் அப்படியே என் நோட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது, பத்து வருடமும் எனக்கு அது உறைக்கவில்லை.

2007-இல் அதிகாரிகள் வந்து அவர்களை விடுவித்து, விசாரணையும் முடிந்த பிறகுதான் எங்கள் செங்கல்பட்டு ஜில்லாவின் பழைய கதையைத் தேடிப் படித்தேன். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி 1843-இல் ஐந்தாம் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒருவனை அடிமை என்று சொல்லி யாரும் கோர்ட்டில் உரிமை கொண்டாட முடியாது என்றது அது. அடிமையை வாங்குவதும் விற்பதும் குற்றம் என்று தண்டனைச் சட்டத்தில் ஏறி நடைமுறைக்கு வந்தது 1862-இல். எல்லாம் காகிதத்தில். 1891-இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர், இந்த ஜில்லாவின் பறையர்களைப் பற்றி அரசாங்கத்துக்கு நீண்ட குறிப்பு ஒன்று எழுதினார். கல்யாணச் செலவுக்குக் கடன் வாங்கியவன் ஆயுள் முழுக்கப் படியாள் ஆவதையும், அவனுக்குப் பின் மகன் அந்தக் கடனைச் சுமப்பதையும், சட்டம் வந்து இத்தனை வருடமாகியும் ஆளை எழுதிக்கொடுக்கும் பத்திரங்கள் புழங்குவதையும் அதில் எழுதியிருக்கிறார். குடிசை நிற்கிற மண்ணும் மிராசுதாரருடையது. எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டும்.

அதைப் படித்தபோது எனக்கு உடம்பு வேர்த்தது. என் ஆட்களின் குடிசையும் என் தோப்பில்தான் நின்றது. அந்தக் காலத்துப் படியாளுக்குக் கல்யாணச் செலவு, என் ஆளுக்கு ஆஸ்பத்திரிச் செலவு. மற்றதெல்லாம் ஒன்றே. நூறு வருடம் தள்ளிப் பிறந்து, பட்டப்படிப்பு படித்து, தினமும் காலையில் பேப்பர் பார்க்கிற ஒருவன் அதே காரியத்தைச் செய்திருக்கிறான்.

1976-இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் எனக்குத் தெரியாது என்று விசாரணையில் சொன்னேன். அது பொய். தெரியும். முன்பணத்தைக் காட்டி ஆளைப் பிடித்து வைப்பது குற்றம், பிடிபட்டால் மூன்று வருடம் வரை சிறை என்று தெரியும். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்கினால் அதுவே கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982-இல் சொன்னதும் பேப்பரில் வந்த விஷயம்தான். செங்கல் சூளைக்காரர்களுக்கும் கல்குவாரிக்காரர்களுக்கும் வந்த சட்டம், எனக்கு இல்லை என்று வைத்துக்கொண்டேன். நான் யாரையும் அடித்ததில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அடிக்கத் தேவைப்படவில்லை.

அப்படித் தேடிப் படித்ததில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. பின்னால் அமெரிக்க ஜனாதிபதியான தாமஸ் ஜெபர்சன் 1780-களில் வர்ஜீனியா மாநிலத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். எஜமானுக்கும் அடிமைக்கும் நடுவில் நடப்பதைக் குழந்தைகள் பார்த்துப் பார்த்துப் பழகுகிறார்கள், கொடுங்கோன்மை அப்படித்தான் வீட்டுக்குள்ளேயே பாடமாகிறது என்று அதில் கவலைப்பட்டிருக்கிறார். சொன்னவரே கடைசிவரை நூற்றுக்கு மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தவர். இதைப் படித்ததும் என் மகன் ஞாபகம் வந்தது. பெரியவர் என்னிடம் இருந்த காலம், அவனுக்கு அப்போது எட்டு வயது. தோப்பு ஓரத்தில் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தான். சங்கிலி கழன்றுவிட்டது. மரம் அடுக்கிக்கொண்டிருந்த பெரியவரைப் பார்த்து, "டேய், இங்க வா. இதை மாட்டு" என்றான். அவர் கையில் இருந்த கட்டையைக் கீழே வைத்துவிட்டு வந்து, குந்தி உட்கார்ந்து, மாட்டிக் கொடுத்தார். விரல் இடுக்கெல்லாம் கிரீஸ். வேட்டியில் துடைக்காமல் மண்ணில் தேய்த்துக்கொண்டார். என் மகன் ஏறி ஓட்டிக்கொண்டு போய்விட்டான். நான் சிரித்தேன். இந்த வயதிலேயே ஆளை வேலை வாங்கத் தெரிகிறதே என்று பெருமையாக இருந்தது.

அவன் இப்போது பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். நல்லவன். ஆனால் போன வருடம் அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது, வேலைக்கார அம்மாவிடம் அடுத்த அறையில் அவன் பேசியது காதில் விழுந்தது. அது என் குரல்.

இனி சொல்லப்போவது எனக்கு மிகவும் கஷ்டமானது. 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி வந்தது. கோவளம் குப்பத்தில் படகும் வலையும் வீடும் போனது எல்லாருக்கும் தெரியும். தோப்பு சற்று உள்ளே இருந்ததால் என் ஆட்களுக்கு உயிர்ச்சேதம் இல்லை. அடுத்த வாரம் சாலையில் நிவாரண லாரிகள் வரிசையாக வந்தன. ஒரு லாரிக்காரர்கள் தோப்புக் குடிசைகளைப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். எங்கேயோ வெளியூர்ப் பிள்ளைகள். அரிசி மூட்டைகளை என் கொட்டகையில் இறக்கி, "நீங்க பாத்து எல்லாருக்கும் பிரிச்சுக் குடுத்துடுங்க சார்" என்று என்னை நம்பிச் சொல்லிவிட்டுப் போனார்கள். பிரித்துத்தான் கொடுத்தேன். என்னிடம் இதேபோல் முன்பணத்தில் இருந்த மற்றக் குடும்பங்களையும் சேர்த்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் வாரம் பத்துக் கிலோ அளந்து கொடுத்து, ஒவ்வொரு முறையும் நோட்டில் கடன் பக்கம் எழுதினேன்.

கை நடுங்கவில்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன். அரிசி கொட்டகையை விட்டுப் போனால் நோட்டில் ஏற வேண்டும் என்பது எனக்குக் கைப்பழக்கம் ஆகியிருந்தது. அந்த அரிசி யாருடையது என்ற கேள்வி மனதில் எழவே இல்லை. எழுந்து, அதை நான் அமுக்கியிருந்தால்கூட மனுஷன் என்று சொல்லலாம். எழவே இல்லை. ஏழெட்டு வருடத்தில் ஒருவனுக்குள் இப்படி ஓர் இடம் மரத்துப் போகும் என்று யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அந்தப் பக்கம் இன்னும் நோட்டில் இருக்கிறது. என் கையெழுத்து அழகாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்கிறது.

அதற்கு அடுத்த மாசி மகம். மாசி மகத்துக்கு இருளர்கள் எங்கெங்கிருந்தோ மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்து கூடுவார்கள். பௌர்ணமி நிலவில் மணலிலேயே தங்கி, விடியலில் மணலைப் படிபோல் கட்டிக் கன்னியம்மாவைக் கும்பிடுவார்கள். பெண் பார்ப்பது, தாலி கட்டுவது, குழந்தைக்கு மொட்டை அடிப்பது எல்லாம் அங்கேயே நடக்கும். எங்கள் ஊரிலிருந்து இருபது கிலோமீட்டர்தான். பெரியவர் என் வாசலில் வந்து நின்று கேட்டார்: "ஆத்தா கோவமா இருக்குறா மொதலாளி. கடல இப்படி ஏத்தி உட்டுட்டா. இந்த வருசம் போவாம இருக்கக் கூடாது. பாத்துட்டு வந்துடறோம்."

லோடு நிற்கிறது என்றேன். நின்றுகொண்டே இருந்தார். குடும்பத்தோடு போனால் திரும்பி வராமல் போய்விடுவார்கள் என்பது என் பயம். கடைசியில் ஒரு வழி சொன்னேன். நீங்கள் போங்கள், பொண்ணு இங்கே எங்கள் வீட்டில் இருக்கட்டும், வீட்டில் கொஞ்சம் வேலை இருக்கிறது. வீட்டில் ஒரு வேலையும் இல்லை. அவருக்கும் அது தெரியும்.

நாலு வயதில் வந்த குழந்தைக்கு அப்போது பன்னிரண்டு வயது. திருவிழாவுக்கென்று தலையில் எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னி, சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். இரண்டு ராத்திரி எங்கள் வீட்டுப் பின்கட்டுப் படியில் உட்கார்ந்திருந்தது. என் மனைவி சோறு வைத்தாள். தட்டு அப்படியே இருந்தது. அழவில்லை. ரிப்பனின் ஒரு நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தது. நான் அந்தப் பக்கம் போக வேண்டிய நேரங்களில் வாசல் வழியாகச் சுற்றிப் போனேன். மூன்றாம் நாள் காலையில் அவர்கள் வந்தார்கள். காலெல்லாம் கடல் மண். அம்மாக்காரி ஒன்றும் பேசாமல் மடியிலிருந்து ஒரு கைப்பிடி பொரியை எடுத்து மகள் கையில் வைத்தாள்.

பிணை என்ற சொல் அந்த மூன்று நாளும் என் மனதில் வரவில்லை. அதற்கும் "பத்திரமாப் பாத்துக்கறேன்" என்றுதான் பெயர் வைத்திருந்தேன்.

"நாம இல்லேன்னா இவங்க பட்டினி. இவங்களுக்கு வேற என்ன தெரியும்?" என்று மற்ற வியாபாரிகளோடு டீக்கடையில் பேசியிருக்கிறேன். எங்கள் ஊருக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் வடநெம்மேலி. அங்கே முதலைப் பண்ணை வளாகத்தில் 1978-இல் ஆரம்பித்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. அதே இருளர்கள் அங்கே நல்லபாம்பும் கட்டுவிரியனும் பிடித்து வந்து, விஷம் எடுத்து, பாம்பைக் காட்டில் திரும்ப விடுகிறார்கள். நாட்டில் பாம்புக்கடி மருந்து செய்கிற கம்பெனிகளுக்கு அந்த விஷம் போகிறது. என் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் டிக்கெட் வாங்கிக் காட்டியிருக்கிறேன். அவர்களின் கையை வாய் பிளந்து பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, இவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல என்னால் முடிந்தது. 2023-இல் இந்த மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். செய்தியை டிவியில் பார்த்தபோது எழுந்து வெளியே போய்விட்டேன்.

பணத்துக்கு வருகிறேன். இவ்வளவு செய்து சம்பாதித்தேனா? எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். தொழிலை மூடிய பிறகு பழைய நோட்டுகளை எல்லாம் பரப்பி வைத்துக்கொண்டு பல நாள் உட்கார்ந்து போட்ட கணக்கு இது.

தோப்பு ஏலத்துக்கு வரும். நாலைந்து வியாபாரிகள் போவோம். எனக்கு வெட்டுக்கூலி டன்னுக்கு நாற்பது ரூபாய் குறைவு அல்லவா, நூறு டன் தேறும் தோப்பு என்றால் 4,000 ரூபாய் கூடுதலாகக் கேட்பேன். பக்கத்தில் நிற்கிற வியாபாரியும் அதே மாதிரி ஆள் வைத்திருப்பவன்தான். அவனும் ஏற்றுவான். ஏறி ஏறி, ஆட்களின் வயிற்றிலிருந்து எடுத்த அந்த நாற்பது ரூபாய் முழுசாகத் தோப்புக்காரரின் கைக்குப் போய்விடும். வருடா வருடம் இதே கதை. திருடியது நான், சேர்ந்தது வேறு இடத்தில். எனக்குத் தங்கியது பழியும், ஆள் ஓடிவிடுவானோ என்ற பயமும்தான். அந்தப் பயத்துக்கும் செலவு இருந்தது. ராத்திரி தோப்பைச் சுற்றிவர ஒருவனுக்குச் சம்பளம். ஆள் ஓடினால் தேடிப் போக பைக்கும் பெட்ரோலும். ஒருமுறை பெரியவரின் மகன் கேளம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுவரை போய்விட்டான். இரண்டு பேரோடு போய் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கூட்டிவந்தேன். பஸ்ஸில் இருந்த ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

2006-இல் நாலு குடும்பங்களின் பேரில் என் நோட்டில் நின்ற முன்பணம் 80,000 ரூபாயைத் தாண்டியது. பாதிக்கு மேல் நானே ஏற்றிய பொய். ஆனால் உண்மையில் கொடுத்த பணமும் அதில் இருந்தது, அது அங்கேயே முடங்கிக் கிடந்தது. அந்த நாளில் முப்பதாயிரத்துக்குள் ஒரு பவர் ரம்பம் வாங்கியிருக்கலாம். திருப்போரூர்ப் பக்கத்து இளைஞன் ஒருவன் வாங்கினான். சனிக்கிழமை தவறாமல் முழுக்கூலி கொடுத்தான். என் ஆட்கள் மூன்று நாளில் வெட்டுவதை அவன் ஆட்கள் ஒரே நாளில் முடித்தார்கள். நான் ரம்பத்தைப் பற்றி யோசிக்கக்கூட இல்லை. கையில் ஆள் இருக்கும்போது இயந்திரம் எதற்கு? இப்போது புரிகிறது, எனக்கு அந்தத் தொழிலில் எந்த வேலையும் தெரியாது. கத்திக்குச் சாணை பிடிக்கத் தெரியாது. தூர் தோண்டத் தெரியாது. மரத்தைப் பார்த்து எத்தனை டன் தேறும் என்று சொல்ல பெரியவரைத்தான் கேட்பேன். முதலாளி என்று பேர் வாங்கிக்கொண்டு இருபது வருடம் நாற்காலியில் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

தாத்தா காலத்து மிராசுதாரர்களின் கணக்கும் இதேபோலத்தான் இருந்திருக்கிறது. செங்கல்பட்டு ஜில்லாவில் தரிசு நிலம் ஏராளம். வெளியாளோ சேரிக்காரனோ அதைத் தனக்குக் கேட்டு மனுப்போட்டால், மிராசுதாரர் தன் பாத்தியதையைச் சொல்லி மறிப்பார். தான் பயிர் வைப்பாரா? வைக்க மாட்டார். படியாள் கையில் சொந்தமாக ஒரு காணி வந்துவிட்டால் நாளைக் காலையில் தன் ஏருக்கு ஆள் வராது என்ற ஒரே பயம். ஆளைப் பிடித்து வைப்பதற்காக மண்ணைக் காயப்போட்டார்கள். ட்ரெமென்ஹீர் குறிப்பின் விளைவாக 1892-இல் அரசாணை வந்து ஒடுக்கப்பட்டவர்களுக்குப் பஞ்சமி நிலம் ஒதுக்கினார்கள், பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. அதுவும் கைமாறிப் போயிற்று. மாமல்லபுரம் பக்கத்துக் காரணை கிராமத்தின் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டவர்கள்மேல் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். நான் அன்று என்ன நினைத்தேன் என்பதும் நினைவிருக்கிறது. நிலம் இவர்களுக்குப் போனால் ஆள் கிடைக்காது என்று நினைத்தேன். மூன்று வருடம் கழித்துத்தான் அந்தக் குடும்பம் என்னிடம் வந்தது. நினைப்பு முன்பே தயாராக இருந்திருக்கிறது.

ஜெபர்சனும் கடனில்தான் செத்தார். 1826-இல் அவர் இறந்தார். அடுத்த ஜனவரியில் அவர் வீட்டு வாசலில் 130 அடிமைகளை ஏலம் விட்டார்கள். எஜமானின் கடனுக்காகத் தாயும் பிள்ளையும் ஆளுக்கொரு ஊருக்குப் போனார்கள். கணக்கில் தோற்றவனும் தன் தோல்வியை அவர்கள் தலையில்தான் இறக்கி வைக்கிறான். எனக்குத் தொழில் நொடித்தபோது நான் முதலில் நிறுத்தியதும் வாரப்படியைத்தான்.

2007-இல் யாரோ மனுக் கொடுத்து அதிகாரிகள் வந்தார்கள். ஜீப்பைப் பார்த்ததும் பெரியவரிடம் ஓடி, "நல்லாத்தான் வெச்சிருக்கார்னு சொல்லு" என்றேன். அவர் தலையாட்டினார். அதிகாரி கேட்டபோது வாய் திறந்தது அந்தப் பெண். பதினாலு வயது. அரிசியிலிருந்து மாசி மகம் வரைக்கும் ஒன்றொன்றாகச் சொன்னாள். அன்று மாலையே எல்லாரையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கோட்டாட்சியர் விடுதலைச் சான்றிதழ் கொடுத்தார். சான்றிதழோடு என் கடன் சட்டப்படி ஒழிந்துபோனது. 27,400 ரூபாய் போச்சே என்று அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. வழக்கு நடந்தது. சாட்சி சொல்ல வேண்டியவர்கள் பிழைப்புத் தேடி வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். வெறும் கூலி முன்பணம் என்று சொன்னேன். சந்தேகத்தின் பலனில் வெளியே வந்தேன். கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன்.

இதையெல்லாம் தப்பு என்று எப்போது உணர்ந்தேன் என்று கேட்டால் ஒரு நாளைக் காட்ட முடியாது. தொழில் போனது, தோப்புகள் மனையாகின, நோட்டுகளோடு தனியாக உட்கார நேரம் கிடைத்தது. கணக்கில்தான் முதலில் பிடிபட்டது. டன்னுக்கு நாற்பது ரூபாய் என்று ஒருநாள் எழுதிப் பார்த்தபோது பேனா நின்றுவிட்டது.

மூன்று வருடத்துக்கு முன்பு பெரியவரைத் தேடிப் போனேன். திருப்போரூருக்கு அப்பால் பேத்தி வீட்டில் இருந்தார். ஓட்டு வீடு. வாசலில் சின்னப் பையனின் பள்ளிக்கூடப் பை தொங்கியது. அந்தப் பெண் கதவருகே வந்து என்னைப் பார்த்தாள், அடையாளம் தெரிந்தது, உள்ளே போய்விட்டாள். அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கண் சரியாகத் தெரியவில்லை போல. நான் நின்றுகொண்டே பேசினேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனதைச் சொன்னேன். செய்தது பெரிய பாவம், மன்னித்துவிடுங்கள் என்று. "ங்க" போட்டு அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு அது. ஒரு கவரில் பணம் கொண்டுபோயிருந்தேன். நியாயக் கூலியிலிருந்து என் நோட்டுக் கூலியைக் கழித்து, பத்து வருடத்துக்குக் கூட்டிய தொகை. திண்ணையில் வைத்தேன். அவர் அதைத் தொடவும் இல்லை, தள்ளவும் இல்லை.

ரொம்ப நேரம் கழித்து, "அந்தக் கத்தி இருக்குதா?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. வேனில் ஏற்றிப் போன அன்று அவருடைய வெட்டுக்கத்தி என் கொட்டகையிலேயே தங்கிவிட்டது. வரும்போது அவர் தோளில் கொண்டுவந்த கத்தி. கொட்டகையைக் காலி செய்தபோது மற்ற இரும்போடு சேர்த்து எடைக்குப் போட்டிருந்தேன். பிடி மரம் என்பதால் கடைக்காரன் அதைத் தட்டிக் கழற்றிவிட்டு இரும்பை மட்டும் நிறுத்தான்.

"வித்துட்டேங்க" என்றேன்.

தலையாட்டினார். பிறகு அந்தப் பையனைக் கூப்பிட்டு, வெயில் இறங்கிவிட்டதா என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்துப் புரட்டினேன். கத்திகளுக்கென்று அவர் பேரில் ஒன்பது இடத்தில் கடன் எழுதியிருக்கிறேன். அவருடைய அந்தக் கத்தி எந்தப் பக்கத்திலும் இல்லை.